கேரவன், குட்டிக் கார், இரண்டு கயாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் காட்பாடிக்காரர்கள். எங்களிடம் ஒரு பழைய டெம்போ டிராவலர் இருக்கிறது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு, செய்த மாற்றம் ஆர்.சி.யிலும் ஏறியிருக்கிறது. அதை என் வீட்டுக்காரர் ஓட்டுவார். பின்னாலேயே வேகன்ஆரில் நான் வருவேன். கார் கூரையில் பத்தடி பிளாஸ்டிக் கயாக் ஒன்று, வேனுக்குள் காற்றடைக்கும் கயாக் ஒன்று. 2023-இல் டெக்சாஸில் இருக்கும் என் அண்ணனுடைய ஆர்வியில் (உள்ளேயே தங்கிச் சமைக்க வசதி வைத்த பெரிய வண்டி) மூன்று வாரம் சுற்றினோம். அங்கேயும் குட்டிக் கார், அங்கேயும் இரண்டு கயாக். டோல்கேட்டில் ஆரம்பித்துச் சொந்தக்காரர் கல்யாணம் வரைக்கும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கயாக் என்றால் நம்ம ஊர்ப் பரிசல் மாதிரியா?

இல்லை. ஒகேனக்கல் பரிசல் வட்டம், கயாக் ஒல்லியான நீளம். ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் இலை வைத்த துடுப்பால் மாறி மாறித் தள்ள வேண்டும். பரிசல்காரர் கரையேறியதும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். கயாக்கை அப்படிக் கொண்டுபோக முடியாது. அதன் நீளம்தான் இந்தப் பக்கம் முழுக்க நாம் பேசப்போகும் தலைவலி.

வேன் இருக்கும்போது பின்னால் இன்னொரு கார் எதற்கு?

வேனை ஏரிக்கரை மண் பாதையில் இறக்கிப் பாருங்கள், தெரியும். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் நெல் வயல், எதிரே கரும்பு டிராக்டர். திரும்ப வழி இருக்காது. வேனை ஊருக்கு வெளியே நல்ல நிழலில் நிறுத்திவிட்டு, காரில் படகோடு தண்ணீர் ஓரம் வரை போய்விடலாம். அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆர்வியை முகாமில் நிறுத்தித் தண்ணீர், கரண்ட் இணைப்பெல்லாம் மாட்டிய பிறகு, பால் வாங்கப் போக அதை மறுபடி கிளப்ப யாருக்கும் மனசு வராது.

அங்கே ஆர்விக்குப் பின்னால் காரைக் கட்டியே இழுத்துப் போகிறார்களே, இங்கே செய்யலாமா?

கூடாது. யோசித்துப் பார்க்கவும் வேண்டாம். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது, அதற்கு முந்தைய 1989 சாலை விதிகளிலும் இருந்தது. பழுதாகி நின்ற வண்டி, முழுதாகக் கட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த டிரெய்லர், சைடு கார். இவற்றைத் தவிர வேறெதையும் மோட்டார் வண்டி இழுக்கக் கூடாது. பழுதான வண்டியை இழுத்தாலும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பின் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங் பிடித்திருக்க வேண்டும். நல்லா ஓடும் காரை வேனில் மாட்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில் எண்பதில் பறக்க இங்கே வழியில்லை.

அதனால் எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டுநர். டீசலும் பெட்ரோலும் இரட்டைச் செலவு, உண்மைதான். ஆனால் வண்டியில் தனியாக ஒரு மணி நேரம், நமக்குப் பிடித்த பாட்டு, பக்கத்தில் ரூட் சொல்ல ஆளில்லை. இதை நான் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

என் மகன் அமெரிக்காவில் ஆர்வி வாங்கியிருக்கிறான். அங்கே எப்படித்தான் இழுக்கிறார்கள்?

வேலூரில் தெருவுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருப்பதால் இந்தக் கேள்வி நிறைய வருகிறது.

மூன்று வழி இருக்கிறது. காரின் நாலு சக்கரமும் தரையில் ஓட, முன்பக்கம் ஒரு இழுவைக் கம்பியை மாட்டி இழுப்பது ஒன்று. முன் சக்கரம் இரண்டையும் ஒரு சின்ன இரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, பின் சக்கரத்தை மட்டும் தரையில் ஓட விடுவது இன்னொன்று. மூன்றாவது, காரையே டிரெய்லரில் ஏற்றிவிடுவது. முதல் வழி சுலபமானது, ஆனால் எல்லாக் காருக்கும் ஒத்துவராது. ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றும். எஞ்சின் அணைந்திருக்கச் சக்கரம் மட்டும் நூறு மைல் சுற்றினால் கியர்பாக்ஸ் வெந்துவிடும். ஜீப் ரேங்ளர் மாதிரி டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நியூட்ரலில் போட முடிகிற வண்டியை அங்கே அதிகம் பேர் இழுத்துப் போவது இதனால்தான். காரின் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கும். அதில் 'இழுக்கலாம்' என்று அச்சாகி இருந்தால் மட்டும் இழுக்கச் சொல்லுங்கள், நண்பர் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

கம்பியோடு பாதுகாப்புச் சங்கிலி, பின் விளக்குக்கு வயர், காரின் பிரேக்கைத் தானாக மிதிக்கும் கருவி ஆகியவையும் வேண்டும். பல மாநிலங்களில் இழுபடும் வண்டி 3,000 பவுண்டைத் தாண்டினால் தனி பிரேக் கட்டாயம், சில இடங்களில் அதற்குக் குறைவாகவே. கூரையில் வைக்கும் கயாக்கின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இன்னொன்று. நாலு சக்கரமும் தரையில் ஓட இழுக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே முடியாது. முன் சக்கரம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, கம்பியை வளைத்துவிடும். தெரியாமல் முட்டுச்சந்தில் நுழைந்தால் இறங்கிக் காரைக் கழற்றித்தான் வெளியே வர வேண்டும்.

அந்த இழுபடும் கார் மேல் கயாக் வைக்கலாமா?

வைக்கலாம். நாங்களும் வைத்தோம், வைத்த ஐந்தாம் நாள் இடித்தோம். கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

அண்ணன் கார் சுமார் பன்னிரண்டு அடி. முன் பம்பரிலிருந்து கூரைக் கேரியரின் நடுப்பகுதி ஆறரை அடி. கயாக் பதினாலு அடி. சரியாக நடுவில் வைத்தால் அதன் மூக்கு பம்பருக்கு முன்னால் அரையடி நீட்டும். இழுவைக் கம்பி ஐந்தடி நீளம் என்பதால் ஆர்விக்கும் மூக்குக்கும் நாலரை அடி இடைவெளி. போதும்தான்.

அன்றைக்குக் காலை அண்ணி, டிக்கி திறக்க முடியவில்லை, கயாக் வால் தடுக்கிறது என்றார். சரி என்று படகை ஓரடி முன்னால் தள்ளினோம். இடைவெளி மூன்றரை அடி ஆனது. நேராக நிற்கும்போது அது தாராளமாகத்தான் தெரிந்தது. பிறகு பெட்ரோல் பங்கில் நுழைந்து, பம்பைச் சுற்றி இறுக்கமாகத் திரும்பியபோது 'கிரீச்' என்று ஒரு சத்தம், பின்னால் 'டொக்'.

நடந்தது இதுதான். திரும்பும்போது, ஆர்வியின் பின்னால் இழுவைக் கம்பியை மாட்டும் கொக்கியை மையமாக வைத்துக் கார் சுழல்கிறது. கயாக் காரின் நடுக்கோட்டில் இல்லை, ஒரு ஓரமாக ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பினால் மூக்கு ஆர்வியின் முதுகை நோக்கி வரும். பிறகு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஆர்விக்கும் காருக்கும் நடுவே அறுபது டிகிரி வந்துவிட்டால், அந்த மூன்றரை அடி வெறும் அரையடியாகச் சுருங்கிவிடுகிறது. ஆர்வியின் பின்னால் இருந்த ஏணியே அரையடி துருத்திக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, பங்கு வாசலின் சரிவில் காரின் முகம் கொஞ்சம் தூக்கியது.

கயாக் மூக்கு மடங்கி, ஏணியின் கீழ்ப்படி வளைந்து, முன் கேரியர் நாலு அங்குலம் பின்னால் நகர்ந்து கூரையில் ஒரு கோடு இழுத்திருந்தது. அண்ணன் இறங்கிவந்து, "பாப்பா, நீ பாத்தியா கிளம்பும்போது?" என்றார். "நீங்க பாத்தீங்கன்னு நெனச்சேண்ணா." அண்ணி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். காலையில் நாலு பேர் சேர்ந்து தள்ளினோம், நாலு பேரும் அளக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு சட்டம்தான்: அந்த வண்டிக்குப் பொறுப்பாளி யாரோ அவரே கட்ட வேண்டும், அவரே அளக்க வேண்டும். மற்றவர்கள் தூக்கிக் கொடுக்கலாம், அதோடு சரி. இங்கே காரை நான் ஓட்டுகிறேன், அதனால் கயிற்றை வேறு யாரும் தொடக் கூடாது.

அங்கே இருப்பவர்கள் முடிந்தவரை பத்தடி, பன்னிரண்டு அடிப் படகாகப் பாருங்கள். மூக்கு பம்பரைத் தாண்ட வேண்டாம். காலி மைதானத்தில் மெதுவாக முழு வட்டம் இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள், ஒருவர் கூடவே நடந்து வரட்டும். டிக்கி திறக்கவில்லையா, சாமானைப் பின் சீட்டில் போடுங்கள்.

ஆர்வியின் கூரையிலோ முதுகிலோ கட்டினால்?

முதுகில் செங்குத்தாக நிறுத்தி வைக்கும் தாங்கிகள் அங்கே விற்கின்றன. கொக்கியில் மாட்டுவது. காரை இழுப்பவர்கள், கொக்கியை இரண்டுக்கும் பங்கிட முடிகிறதா, பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையாதா என்று பார்க்க வேண்டும். கூரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆர்வி கூரை பலதும் ரப்பர் விரிப்பு, நடந்தாலே கவனம் வேண்டும். அவ்வளவு உயரத்துக்குப் படகை யார் ஏற்றுவது?

இங்கே வேன் கூரைக்கும் அதே பதில். ஆற்காடு பக்கத்து உள்சாலைகளில் இன்னும் புளியமரம் கிளை தாழ்ந்து நிற்கிறது. கேபிள் வயர் வேறு. மேலே இருப்பது ஓட்டுபவர் கண்ணில் படாது. ரயில்வே சுரங்கப் பாதையில் நுழையும் முன் அங்கே எழுதியிருக்கும் உயரத்தைப் பாருங்கள். படகோடு சேர்த்து உங்கள் வண்டி உயரம் எவ்வளவு என்று டேஷ்போர்டில் ஒரு காகிதம் ஒட்டி வையுங்கள்.

முதல் வருடம் பத்தடிக் கயாக்கை வேனுக்குள்ளேயே நடைபாதையில் நீட்டி வைத்திருந்தோம். பகலில் பிரமாதம். ராத்திரி தூங்க வேண்டுமென்றால் வெளியே எடுத்து வேப்பமரத்தில் சங்கிலி போட வேண்டும். இரண்டு பயணத்தோடு விட்டுவிட்டோம்.

குட்டிக் கார் கூரை எவ்வளவு எடை தாங்கும்?

உங்கள் காரின் கையேட்டில் எழுதியிருப்பது எவ்வளவோ அவ்வளவு. சின்னக் கார்களில் ஐம்பது கிலோ என்ற அளவைத்தான் அதிகம் பார்க்கிறோம், சில கார்களில் கூரையில் எதுவுமே வைக்கக் கூடாது என்றிருக்கும். அந்த ஐம்பதும் படகுக்கு மட்டும் இல்லை. அலுமினியக் குறுக்குக் கம்பி ஜோடி ஐந்து கிலோ, படகு சாய்ந்து உட்காரும் தாங்கிகள் ஐந்தாறு கிலோ போக மிச்சம் நாற்பதுக்குள். பத்தடி பிளாஸ்டிக் கயாக் ஒன்று இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ வரும். ஆக, ஒன்று ஏற்றலாம். இரண்டு என்றால் கணக்கு உதைக்கும்.

'எங்க மாமா அம்பாசிடர் மேல் கல்யாணச் சீர்வரிசையே ஏற்றினார்' என்பவர்களுக்கு: அம்பாசிடருக்குக் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் காடி ஒன்று இருந்தது, கேரியர் அதைக் கவ்விப் பிடிக்கும். இப்போதைய கார்களில் அந்தக் காடியே கிடையாது. கதவு இடுக்கில் கவ்வும் வகைதான் வாங்க வேண்டும், அதுவும் உங்கள் மாடலுக்கென்று செய்ததாக.

கேரியரை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா? செலவு குறையுமே?

செலவு குறையும், எடை கூடும். இரும்புச் சட்டத்தில் அடித்துக் கொடுப்பார்கள், அதுவே பதினைந்து இருபது கிலோ வந்துவிடும். படகுக்கு மிச்சம் என்ன? வேண்டாம்.

இரண்டு கயாக் வைத்தே ஆக வேண்டும் என்றால்?

எடை இடம் கொடுத்தால், அகலம் அடுத்த சிக்கல். ஒரு கயாக் இரண்டரை அடி அகலம். இரண்டைப் படுக்க வைத்தால் ஐந்தடி, சின்னக் காரின் கூரை அதில் முக்கால்தான் இருக்கும். ஜே வடிவத் தாங்கியில் விலாவில் சாய்த்து வைத்தால் ஒவ்வொன்றும் ஒன்றரை அடியில் அடங்கிவிடும். அப்படி வைக்கும்போது உயரம் கூடுவதால் பக்கவாட்டுக் காற்று நன்றாகவே தள்ளும்.

எங்கள் முடிவு ஆரம்பத்தில் சொன்னதுதான்: பிளாஸ்டிக் படகு ஒன்று மேலே, காற்றுப் படகு ஒன்று மடித்து வேனுக்குள். இரண்டு பேர் போகும் பயணத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

தனியாளாக மேலே ஏற்ற முடியுமா?

முடியும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, உயரம் ஐந்தடி ஒன்று. காருக்குப் பின்னால் படகை நேர்கோட்டில் வையுங்கள். டிக்கி மேலும் பின் கண்ணாடி மேலும் ஒரு பழைய கோரைப்பாயை மடித்துப் போடுங்கள். முதலில் மூக்கை மட்டும் தூக்கிப் பாயின் மேல் சாய்த்துவிட்டால் பாதி எடை காருக்குப் போய்விடும். பிறகு வால்பக்கம் போய், தூக்கித் தள்ளினால் பாய் மேல் வழுக்கிக்கொண்டு கேரியரில் ஏறும். குனிந்து இடுப்பால் தூக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். வேகன்ஆர் உயரம், அதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி தேவைப்படுகிறது. ஆல்ட்டோ மாதிரி குள்ளக் கார் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தது.

கயிறா, பெல்ட்டா?

பெல்ட். ஒரு அங்குலப் பட்டை, பல் வைத்த பக்கிளில் கையால் இழுத்து இறுக்கும் வகை. லாரியில் போடும், பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ரேட்செட் வேண்டாம். நாலு தடவை 'கடக் கடக்' என்றால் பிளாஸ்டிக் உள்ளே அமுங்கிவிடும், நமக்கு வீரம் நிற்காது. டி.வி.எஸ். ஐம்பதில் மூட்டை கட்டும் டியூப் ரப்பரும் வேண்டவே வேண்டாம். ரப்பர் நீளும், லாரி காற்று அடித்தால் படகு எழுந்து உட்காரும்.

பெல்ட் குறுக்குக் கம்பிக்கு அடியில் சுற்றி வர வேண்டும், படகின் மேல் வந்து, இரண்டு இடத்தில். இறுக்கியதும் படகைப் பிடித்து ஆட்டுங்கள். படகு தனியாக ஆடாமல் காரோடு சேர்ந்து ஆடினால் சரி.

படகின் மூக்கைக் காரின் முன்பக்கத்தோடு சேர்க்கும் கட்டுக்கு மட்டும் கயிறு போடுவேன். அந்த முடிச்சை நான் வீடியோ பார்த்துக் கற்கவில்லை. வேலூர் மண்டித் தெருவில் வெங்காய லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த ஒரு லோடுமேனிடம் கற்றேன். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி முறுக்குவார். கீழே கொக்கியில் விட்டு எடுத்த நுனியை அந்தக் கண்ணிக்குள் நுழைத்துத் திரும்பக் கீழ்நோக்கி இழுப்பார். கப்பி போட்டதுபோல் கயிறு விண்ணென்று நிற்கும். இழுத்த இடத்தைக் கட்டை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் இரண்டு அரை முடிச்சு. அவிழ்க்கும்போது ஒரே உருவல். "அக்கா, கயிறு அழக்கூடாது, சிரிக்கவும் கூடாது" என்றார். அழுதால் தொய்வு, சிரித்தால் பொருளை வெட்டும் என்று அர்த்தமாம்.

முன்னும் பின்னும் தனிக் கட்டு அவசியமா? பெல்ட் இரண்டு போதாதா?

ஏரி வரை மூன்று கிலோமீட்டர் என்றால் போதும். நெடுஞ்சாலை என்றால் அவசியம். சின்னக் காரில் குறுக்குக் கம்பிகள் இரண்டும் கிட்டக் கிட்ட இருக்கும், இரண்டரை அடிதான். பத்தடிப் பொருளை அந்த இரண்டரை அடியில் பிடிக்கிறோம். கவ்வி விட்டுக்கொடுத்தால் கேரியரோடு படகு பறக்கும், முன் கட்டு மட்டும்தான் அப்போது மிச்சம்.

எங்கே கட்டுவது? பானட்டைத் திறந்தால் மட்கார்டு போல்ட்டுகள் வரிசையாகத் தெரியும். அதில் ஒன்றில் பட்டையால் ஆன வளையம் ஒன்றை மாட்டிவிட்டு பானட்டை மூடினால் வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கட்டலாம். மீதிக் கயிற்றைத் தொங்கவிடாதீர்கள். அவிழ்ந்த கயிறு முன் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் படகின் மூக்கை ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்துவிடும்.

அறுபதைத் தாண்டினால் கூரையில் 'ங்ங்ங்' என்று சத்தம். என்ன கோளாறு?

கோளாறு இல்லை, பெல்ட் பாடுகிறது. தட்டையான பட்டை காற்றில் அதிர்கிறது. படகுக்கும் கம்பிக்கும் நடுவில் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள், வாயை மூடிக்கொள்ளும்.

வேலூர் வெயிலுக்கு பிளாஸ்டிக் படகு தாங்குமா?

தாங்கும், ஆனால் வளையும். பாலிஎத்திலீன் சூட்டில் இளகும். அக்னி நட்சத்திரத்தில் இறுக்கிக் கட்டியபடியே மதியம் முழுக்க நிறுத்தினால், சாயங்காலம் கேரியர் கம்பியின் அச்சு படகின் வயிற்றில் பள்ளமாக இருக்கும். நிறுத்தியதும் பெல்ட்டை இரண்டு விரல் தளர்த்துங்கள், கிளம்பும்போது மறக்காமல் இறுக்குங்கள். பெல்ட் தளர்ந்திருக்கும் நேரம் முழுக்க நான் கார் சாவியை ஒரு சிவப்பு ரிப்பனில் மாட்டி வைப்பேன், நினைவுக்கு. கவிழ்த்தோ விலாவில் சாய்த்தோ வைத்தால் பள்ளம் குறைவு. விழுந்த பள்ளத்துக்கு, கட்டை அவிழ்த்து வெயிலிலேயே போட்டு வைத்தால் பெரும்பாலும் தானாக எழும். எழாவிட்டால் சூடான தண்ணீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளுங்கள்.

உள்ளே மூடிய அறை வைத்த படகுகளில் தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்து வைத்தே பயணம் செய்யுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரியும்.

போலீஸ் பிடிப்பார்களா?

பொருள் வண்டிக்கு வெளியே அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் இருபதாயிரம் ரூபாய் அபராதம். 2019 திருத்தத்தில் வந்தது. இதற்காகத்தான் பத்தடி, பத்தடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வேகன்ஆர் நீளம் 3.65 மீட்டர், பத்தடி என்பது 3.05. படகு காரைவிடச் சின்னது! முன்னும் பின்னும் எதுவும் நீட்டாது. எங்களை இதுவரை நிறுத்திய போலீஸ்காரர்கள் எல்லாரும் இது என்ன என்று கேட்கத்தான் நிறுத்தினார்கள்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் பின்னால் நாலடிக்கு மேல் நீட்டினால் சிவப்புக் கொடி கட்ட வேண்டும்.

டோல்கேட்டில் ஏதாவது பிரச்சினை?

பள்ளிகொண்டாவில் ஒருவர், "என்னங்க, மீன் தொட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

வழியில் எத்தனை தடவை சரிபார்க்க வேண்டும்?

காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, நெடுஞ்சாலை ஏறும் முன் கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு தடவை இறங்கிப் பார்ப்பேன். கட்டியதும் முதல் பத்துக் கிலோமீட்டரில்தான் பெல்ட் உட்காரும், தொய்வு விழும். அப்புறம் ஒவ்வொரு டீக்கும் ஒரு தடவை. எண்பதுக்கு மேல் போவதில்லை. கண்டெய்னர் லாரி தாண்டிப் போகும்போது முதலில் காற்று தள்ளும், உடனே இழுக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

ஏலகிரி மலைக்குப் போகிறவர்கள் மேலே போனதும் பார்த்துவிடுங்கள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் படகு இடமும் வலமும் சாய்ந்து பெல்ட்டை அரைத்திருக்கும்.

காற்றடைக்கும் கயாக் மட்டும் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே?

இல்லைதான். பன்னிரண்டு பதினைந்து கிலோ, ஒரு பெரிய பைக்குள் அடங்கும், கைப்பம்பில் பத்து நிமிடம். கேரியர், பெல்ட், அபராதம் எதுவும் கிடையாது. ஆர்விக்காரர்கள் நிறையப் பேர் இதற்குத்தான் போகிறார்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் வட ஆற்காட்டு ஏரிக்கரைகளில் ஒரு எதிரி இருக்கிறது: சீமைக்கருவேல முள். செருப்பையே துளைக்கும். படகைத் தரையில் இழுக்கக் கூடாது, தார்ப்பாய் விரித்து அதன் மேல் காற்றடியுங்கள். ஒருமுறை முள் குத்தி சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார், அரை மணியில் உரிந்துவிட்டது. அவர் தப்பில்லை. டியூப் ரப்பர் சொல்யூஷன் பி.வி.சி.யில் நிற்காது, பி.வி.சி. பசையே வேண்டும். வெயிலில் கரையில் கிடந்தால் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், இல்லாவிட்டால் தையல் பிரியும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். காய வைக்க நம்ம ஊரில் இருபது நிமிடம் போதும், வெயிலால் கிடைக்கும் ஒரே நன்மை.

நம் பக்கத்தில் எங்கே இறக்கலாம்?

மழைக்குப் பிறகு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரிகள் நிறைந்திருக்கும். ஆனால் எந்த ஏரியும் சும்மா கிடப்பதில்லை. நீர்வளத் துறை இருக்கிறது, பாசனக்காரர்கள் இருக்கிறார்கள், மீன் குத்தகை எடுத்தவர் இருக்கிறார். கேட்டுவிட்டு இறங்குங்கள், முடியாது என்றால் திரும்பிவிடுங்கள். மீன் வலை தண்ணீருக்கு அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கலங்கல் வழியும்போதும் மதகு திறந்திருக்கும்போதும் அந்தப் பக்கமே போகாதீர்கள். காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரியில் மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் கரை திரும்ப கை வலிக்கும். சாத்தனூர் அணையில் முதலை உண்டு, படகை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பூங்காவைப் பாருங்கள். புதிதாகக் கற்பவர்கள் முதலில் முட்டுக்காடு போய் அங்கே இருப்பவர்களிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முழங்கால் தண்ணீரில்கூட நான் யாரையும் ஏற்றுவதில்லை.

வேலூர்க் கோட்டை அகழியில்?

தொல்லியல் துறையின் இடம். படகை இறக்கும் பேச்சே வேண்டாம்.

பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஓட்டலாமா?

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். தண்ணீர் 2021 நவம்பரில் கரை முட்ட வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் காலையிலேயே கதவைத் தட்டி, "அக்கா, கயாக்க எடுங்க, போலாம்" என்றான். அந்தத் தண்ணீரில் வேரோடு பிடுங்கிய கருவேல மரங்கள் மிதந்து வந்தன. பாலத் தூணில் மோதும் இடத்தில் முள்ளும் கிளையுமாக வேலி கட்டியதுபோல் அடைத்திருந்தது. தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும், கயாக்கும் ஆளும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். வெள்ள ஆற்றில் இறங்காதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் ஊரோடு சேர்ந்து பாலத்தில் நின்று பார்த்தோம். கயாக் வீட்டில் சங்கிலியில்தான் கிடந்தது.